பூனைக்கும் இனிப்பு நீர்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். "மனிதனுக்கே மருந்து வாங்க வழியைக் காணோம், இதில் பூனைக்கு ஊசியா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். வரட்டும். அந்தக் கேள்விக்கும் பின்னால் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பூனை இல்லாத வீடு எத்தனை? செம்பனைக் காட்டு எலி அரிசி மூட்டைக்கு வராமல் காப்பது அது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்ட வீட்டில், தனியாக இருக்கும் கிழவிக்கும் கிழவனுக்கும் பேச்சுத் துணையாக இருப்பதும் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டார்கள். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். பத்துப் பேரில் மூவருக்குச் சற்று மேல். ஆகவே இன்சுலின் என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பூனைக்காக நாம் கற்றுக்கொள்ளும் பல செய்திகள் பாட்டிக்கும் பயன்படும். சில செய்திகள் பாட்டிக்குப் பொருந்தும், பூனைக்குப் பொருந்தாது. எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் இன்று என் வேலை.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். நாம் உண்ணும் உணவு சீனியாக மாறி இரத்தத்தில் ஓடுகிறது. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அது போய்ச் சேர வேண்டும். தோட்டத்துக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டது. ஆனால் கிராணி சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் மூட்டை வீட்டுக்குப் போகும். கிராணி வரவில்லை என்றால் வாசலில் அரிசி மலைபோல் குவிந்திருக்கும், லயத்தில் அடுப்பு எரியாது. அந்தச் சீட்டுதான் இன்சுலின். அதை எழுதுவது வயிற்றுக்குள் இருக்கும் கணையம். பூனைகளில் பெரும்பாலும் நடப்பது, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை இனிப்பு நீரைப் போன்றது. கணையம் எழுதும் சீட்டு போதாமலும் போகிறது. எழுதிய சீட்டை உடம்பு மதிக்காமலும் போகிறது. இரத்தத்தில் சீனி ஓர் எல்லையைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சீனி சிறுநீரில் இறங்குகிறது. தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அதனால்தான் தாகம். நோயின் அடையாளங்களைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒளிந்திருக்கும் நோயே அல்ல. முன்பெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிப் பாராத பூனை, இப்போது குளியலறைத் தொட்டியில் ஏறிக் குடிக்கும். கால்வாய் ஓரத்தில் நின்று நக்கும். பூனை தண்ணீர் குடிப்பதே நம் கண்ணில் அதிகம் படுவதில்லை. பட ஆரம்பித்தால் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒருநாள் முழுக்க அதை வீட்டுக்குள் வைத்து, அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளில் 400 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது வழக்கமல்ல. சிறுநீர் அதிகம் போகும். நன்றாகத் தின்னும், ஆனால் முதுகெலும்பு தெரிய இளைக்கும். மதில்மேல் தாவிய பூனை நாற்காலியில் ஏறவே யோசிக்கும். சில பூனைகள் பின்கால்களை நிமிர்த்தி விரலில் நடப்பதை விட்டு, குதிகால் தரையில் படப் பதிந்து நடக்கும். வயதாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அது நரம்பு தளர்ந்த அடையாளமாக இருக்கலாம்.

எறும்பைச் சொல்ல மறக்கக் கூடாது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு இந்த நோயை அறிந்தவர்கள் நம் பழைய வைத்தியர்கள். பூனை போன சிமெண்டுத் தரையில் எறும்பு வரிசை கட்டினால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எந்தப் பூனைக்கு வரும்? ஏழு எட்டு வயதைத் தாண்டியது, கொழுத்தது, விரை நீக்கிய கடுவன், வீட்டை விட்டு அசையாமல் படுத்தே கிடப்பது. சொறி, அரிப்புக்காக ஸ்டீராய்டு மருந்து பலமுறை பெற்ற பூனைக்கும் வரக்கூடும். மிருக வைத்தியரிடம் போகும்போது, முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வைத்தியரிடம் போவதைப் பற்றி ஒரு செய்தி. கூண்டில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் பயத்திலேயே பூனையின் இரத்தச் சீனி ஏறிவிடும். நோயில்லாத பூனைக்கும் அந்த நேரத்தில் எண் உயர்ந்து நிற்கும். ஆகவே ஒருமுறை இரத்தம் பார்த்ததோடு வைத்தியர் விடமாட்டார். சிறுநீரையும் பார்ப்பார், கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் பிரக்டோசமைன் என்ற சோதனையும் கேட்கலாம். சிறுநீரக நோயிலும் தைராய்டு நோயிலும் இதே இளைப்பும் தாகமும் உண்டு. அதனால் சோதனைக்குச் செலவாகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மாவட்டங்களில் அரசாங்கக் கால்நடைச் சேவை இலாகாவின் அலுவலகங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள். சிலாங்கூரில் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் மிருக மருத்துவமனை இருக்கிறது.

இனி இன்சுலினுக்கு வருவோம். பயம் உண்டாக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருக்கிறார். பேரன் என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்தான். பாட்டிக்கும் இனிப்பு நீர், பாட்டி வளர்க்கும் கருப்புக் கடுவனுக்கும் இனிப்பு நீர். வைத்தியர் சொன்னதும் பாட்டி என்னிடம் வந்தார்.

"டீச்சர், எனக்கும் அதுக்கும் ஒரே வியாதிதானே? கிளினிக்குல குடுத்த பேனா ஊசி வீட்டுலதான் இருக்கு. எனக்கு இருவது போடறேன். அதுக்கு ரெண்டு குத்திவிட்டா ஆகாதா?"

"வேண்டாம் பாட்டி. வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் அந்தப் பேனாவை அதன் பக்கமே கொண்டுபோகாதீங்க" என்றேன்.

"காசு மிச்சமாகுமேன்னு கேட்டேன்" என்றார்.

கேட்டதில் தவறே இல்லை. காசை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் பிறக்கும் நியாயமான கேள்விதான். இன்சுலினில் பல வகை உண்டு. சில உடனே வேலை செய்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். சில மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நிற்கும். கிளினிக்குகளில் பலருக்குக் கொடுப்பது இரண்டையும் கலந்த வகை. அதிலுள்ள வேகமான பங்கு, நாலைந்து கிலோ எடையுள்ள பிராணியின் சீனியைச் சடக்கென்று கீழே தள்ளிவிடும். பூனைக்கு வைத்தியர்கள் விரும்புவது நெடுநேரம் நிற்கும் வகையை. மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட கிளார்ஜின் என்ற இன்சுலினைப் பூனைக்கும் எழுதிக் கொடுப்பது உண்டு. மனித மருந்தே ஆகாது என்பதல்ல என் பேச்சு. எந்த மனித மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அளவும் மிகச் சிறியது. பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான் தொடங்குவார்கள். பாட்டி மாத்திரையாக விழுங்கும் மெட்பார்மினும் பூனைக்கு உதவாது. நொறுக்கி மீனில் கலந்து வைக்காதீர்கள்.

அடுத்தது ஊசிக்குழல் கணக்கு. இதை நான் பள்ளியில் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போத்தலின் மேல் யூ-40 அல்லது யூ-100 என்று அச்சடித்திருக்கும். யூ-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். யூ-100 என்றால் அதே ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். மனிதர்களுக்கு நம் நாட்டில் கொடுப்பது சாதாரணமாக யூ-100. பிராணிகளுக்கென்றே செய்த இன்சுலின் சில யூ-40. ஊசிக்குழலும் இரண்டு வகை. போத்தலில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? யூ-40 குழலில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது ஒரு மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிலிட்டர். அதில் யூ-100 மருந்தை இழுத்திருந்தால் 0.025ஐ 100ஆல் பெருக்குங்கள். இரண்டரை யூனிட்! ஒன்று போடுகிறோம் என்று நினைத்து இரண்டரை போட்டிருக்கிறோம். பூனை உயிருக்கே ஆபத்து. மாறாக, யூ-100 குழலில் யூ-40 மருந்தை ஒரு கோடு இழுத்தால் 0.01ஐ 40ஆல் பெருக்க வேண்டும், கிடைப்பது 0.4 யூனிட். மருந்து போட்டும் நோய் அடங்கவில்லையே என்று குழம்பிக்கொண்டிருப்போம். வீட்டில் பாட்டிக்கு ஒரு குழல், பூனைக்கு ஒரு குழல் என்று இருந்தால், இரண்டையும் வேறு வேறு பிஸ்கட் டின்களில் வையுங்கள். பூனையின் டின்மேல் பூனைப் படம் ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கும் அது புரியும். அரை யூனிட் கோடு போட்ட சின்னக் குழலும் கிடைக்கும். பூனைக்கு அதுவே வசதி.

குத்துவதைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் இதில் அதுதான் எளிது. ஊசி மயிரிழைபோல் மெல்லியது. பூனை தின்றுகொண்டிருக்கும்போது, தோள்பட்டைக்குப் பின்னாலோ விலாப்பக்கமோ தோலைக் கிள்ளித் தூக்கினால் கூடாரம்போல் நிற்கும். அந்தக் கூடாரத்தின் அடிப்பக்கமாக ஊசியைச் செலுத்தி மருந்தை விட்டு எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் தினமும் குத்தாமல் மாற்றிக்கொள்ளுங்கள். சில நேரம் ஊசி தோலின் மறுபக்கம் வந்து மருந்து ரோமத்தில் சிந்திவிடும். ஈரமும் இன்சுலின் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத போது மறுபடி குத்தாதீர்கள். ஒரு வேளை சீனி ஏறியிருப்பதால் பூனை சாகாது. இரட்டிப்பு மருந்தால் சாகும். கணவர் காலையில் போட்டாரா என்று தெரியாமல் மனைவி மீண்டும் போடுவதும் இதே ஆபத்துதான். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நான் சொன்ன பேரன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, நேரம், தின்றதா, எத்தனை யூனிட், போட்டவர் யார் என்று எழுதி வைத்தான். ஒருநாள் கூட விடவில்லை. பள்ளி வீட்டுப்பாடத்தில் அந்த ஒழுங்கை நான் அவனிடம் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தோட்ட வாழ்க்கைக்கு இது இடைஞ்சலாக இருக்காது. காலைப் பெரட்டுக்குக் கிளம்பும் முன் ஐந்தரைக்குப் போட்டால், மாலை ஐந்தரைக்கு அடுத்தது. அரைமணி முன்பின் ஆனால் குடி முழுகிப் போகாது. பூனை தின்னவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முதல் நாளே வைத்தியரிடம் கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் தின்னாமல், வாந்தியும் சோர்வுமாகக் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். இரத்தத்தில் நஞ்சு சேரும் நிலையாக இருக்கலாம். அன்றே கொண்டுபோக வேண்டும்.

தீனி விஷயத்தில் நம் பழக்கம் கொஞ்சம் மாற வேண்டும். பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி. நாம் என்ன செய்கிறோம்? சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வைக்கிறோம். பசியாறும்போது ரொட்டியை டின் பாலில் நனைத்துப் போடுகிறோம். அது "மியாவ்" என்றால் ஒரு பிஸ்கட். சோறும் ரொட்டியும் டின் பாலும் இந்த நோய்க்கு எண்ணெய் ஊற்றுவதுபோல. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். இது நோயுள்ள பூனைக்கு மட்டுமல்ல, எல்லாப் பூனைக்கும். கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனியிலும் மாவுச்சத்து அதிகம் இருப்பதுண்டு. டின்னில் வரும் ஈரத் தீனியில் பொதுவாகக் குறைவு. உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழியோ மீனோ கொடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அதுமட்டுமே கொடுத்தால் வேறு சத்துக் குறைவு வரும். பாதிக்குப் பாதி டின் தீனியோடு சேர்த்துக் கொடுப்பது நம் பைக்கும் ஒத்துவரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை இங்கே உண்டு. ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனைக்குச் சோற்றைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சோறு தின்ற காலத்துக்கு அளந்த மருந்து, சோறு நின்ற பின் அதிகமாகிவிடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டு, தீனியையும் மருந்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். கொழுத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்கச் செய்வதும் கூடாது. நாலைந்து நாள் தின்னாத பூனைக்கு ஈரல் கெட்டுவிடும்.

இரத்தச் சீனியை வீட்டில் அளக்க முடியுமா? முடியும். பாட்டியின் விரலில் குத்தும் அதே சிறு கருவிதான். பூனைக்குக் காதின் ஓரத்தில் ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சிறிது சூடேற்றி, பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு ஓரத்தில் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும். அதுவே போதும். முதல் இரண்டு நாள் சண்டை நடக்கும். குத்தி முடித்ததும் ஒரு துண்டு கோழி கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் அதுவே வந்து உட்காரும். மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவதுண்டு. எந்தக் கருவி என்பதை வைத்தியரிடம் சொல்லி வையுங்கள். நாளுக்கொரு கருவியாக மாற்றாதீர்கள்.

எண்களைப் பற்றி: நம் நாட்டில் மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. அங்கிருந்து உறவினர் தொலைபேசியில் "எனக்குச் சுகர் 180" என்றால் மயங்கி விழ வேண்டாம். 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 10. நோயில்லாத பூனைக்கு நான்கிலிருந்து ஏழு வரை இருக்கும். சீனி சிறுநீரில் இறங்கத் தொடங்குவது பதினான்கு, பதினாறு அளவில். இன்சுலின் போடும் பூனைக்கு நாள் முழுவதும் ஆரோக்கியமான பூனையின் எண் வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் மிகத் தாழ்ந்த எண் நாலரைக்கும் எட்டுக்கும் நடுவில் நின்று, மற்ற நேரத்தில் பதினான்குக்கு மேல் அதிகம் போகாமல் இருந்தால் வைத்தியர் திருப்தி அடைவார். இதைக் கண்டுபிடிக்க அவர் ஒருநாள் முழுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுதச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். எண் அதிகம் என்று நீங்களாக மருந்தை ஏற்றாதீர்கள். அளவை ஏற்றிய பின் அது நிலைகொள்ளச் சில நாட்கள் பிடிக்கும். தினமும் ஏற்றிக்கொண்டே போவது, பள்ளத்தைப் பார்க்காமல் வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

கருவி வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? தண்ணீரை அளங்கள். எடையைப் பாருங்கள். நீங்கள் தராசில் ஏறி எடை பாருங்கள். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். கழித்தால் பூனையின் எடை. வாரம் ஒருமுறை எழுதி வந்தால், தாகம் குறைந்து எடை கூடுவது புத்தகத்திலேயே தெரியும். அந்தப் பாட்டி முதல் மூன்று மாதம் இப்படித்தான் ஓட்டினார்.

சீனி தாழ்ந்து போவதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், வீட்டுப் பிள்ளைகள் உட்பட. பூனை தள்ளாடும். உடம்பு நடுங்கும். கண் எங்கோ வெறிக்கும். சில பூனை காட்டுப் பசியோடு கத்தும். சில மூலையில் போய் ஒளியும். முற்றினால் வலிப்பு. கருவி 3.5க்குக் கீழே காட்டினாலும் இந்த ஆபத்துதான். தின்னக்கூடிய நிலையில் இருந்தால் உடனே தீனி வையுங்கள்; இந்த ஒரு நேரத்தில் இனிப்பும் கலக்கலாம். தின்ன முடியாவிட்டால் தேனையோ கெட்டியான சீனிப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்பு வரும்போது விரலை உள்ளே விடாதீர்கள், கடித்துவிடும். சற்றுத் தெளிந்ததும் அப்படியே விட்டுவிடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தேன் கொடுத்த தெம்பு சிறிது நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த ஊசியை அவரைக் கேட்காமல் போடக்கூடாது.

இந்த மருந்து எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1889இல் ஜெர்மானிய மருத்துவர்கள் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை நீக்கினார்கள். அந்த நாய்க்கு இனிப்பு நீர் வந்தது. கணையத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு அப்படித்தான் தெரிந்தது. 1921இல் கனடாவின் தொரொந்தோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களை வைத்து ஆராய்ந்து கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினால்தான் மனிதர்கள் உயிர் வாழ்ந்தார்கள். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டு இன்சுலினுக்கும் ஒரே ஒரு கண்ணிதான் வேறுபாடு. பிராணிக்கு ஊசியா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

மருந்தைக் காப்பது நம் வெயிலில் பெரிய காரியம். ஐஸ் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் உறையும் பகுதியில் ஒருபோதும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பழையபடி வேலை செய்யாது. தூக்கி எறிய வேண்டியதுதான். டவுனிலிருந்து வாங்கி வரும்போது மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் வைத்து வராதீர்கள். துணியில் சுற்றி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலோடு பையில் வையுங்கள். ஐஸ் கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள். தெளிந்த நீர்போல் இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ திரிதிரியாக நின்றாலோ பயன்படுத்தாதீர்கள். சில வகையை உருட்டிக் கலக்க வேண்டும், சில வகையைக் குலுக்க வேண்டும், சில வகைக்கு ஒன்றுமே வேண்டாம். உங்கள் போத்தலுக்கு எது என்று கொடுப்பவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள்.

இப்போது அடுப்படிக் கேள்விக்கு வருகிறேன். மாதா மாதம் மருந்து, ஊசி, டின் தீனி, வைத்தியர் கட்டணம் என்று வெள்ளி கரையத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. பிள்ளையின் பள்ளிச் செலவா பூனையின் மருந்தா என்று வந்தால், பிள்ளையைத் தேர்ந்தெடுத்த தாயை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முடிவு கட்டும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மனிதருக்கு அரிதாக நடப்பது பூனைக்கு நடப்பதுண்டு. நோய் கண்ட முதல் சில மாதங்களிலேயே சரியாக இன்சுலின் போட்டு, மாவுத் தீனியை நிறுத்தினால், சில பூனைகளின் கணையம் மீண்டும் எழுந்து, ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடும். எல்லாப் பூனைக்கும் அல்ல. திரும்பி வரவும் கூடும். என்றாலும், இது வாழ்நாள் செலவு என்று நினைத்தே கைவிட்டவர்கள் பலர். ஊசி போட ஆளில்லாத வீடுகளுக்கு இன்னொரு செய்தி: வாய்வழி கொடுக்கும் புது மருந்துகள் இரண்டை அமெரிக்க அரசாங்கம் 2022இலும் 2023இலும் பூனைகளுக்கென அனுமதித்தது. அவை முன்பு இன்சுலின் போட்ட பூனைகளுக்கானவை அல்ல; இரத்த நஞ்சு சேரும் ஆபத்தும் உண்டு; வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் கூடாது. உங்கள் பூனைக்குப் பொருந்துமா என்று அவரைக் கேளுங்கள்.

எதுவும் முடியாது என்ற நிலை வந்தால், தின்னாமல் எலும்பும் தோலுமாய்க் கொட்டகையில் கிடந்து சாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வலியில்லாமல் முடித்து வைக்கவும் வைத்தியரால் முடியும். அதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. காட்டில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது.

பாட்டியின் கருப்பனுக்கு ஐந்தாம் மாதம் ஊசி அரை யூனிட்டாகக் குறைந்தது. இப்போது நாற்காலியில் ஏறுகிறது. மதில் இன்னும் ஏறவில்லை.

கடைசியாக, போட்ட ஊசிகள். இவற்றைக் குப்பைப் பையில் போட்டால் குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். லயத்துக்குப் பின்னால் எறிந்தால் விளையாடும் பிள்ளையின் காலில் குத்தும். சலவைத் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, ஊசியை மூடி போடாமல் அப்படியே உள்ளே தள்ளுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி நாடா சுற்றி, அடுத்தமுறை மருந்து வாங்கப் போகும்போது மிருக வைத்தியரிடமே கொடுத்துவிடுங்கள். பாட்டியின் ஊசிகளுக்கும் இதே போத்தல் போதும். கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.